பழைய வண்டியின் என்ஜினுக்கு வயது பார்ப்பது எப்படி?



நம்மில் பலரிடம் இன்னும் பழைய வண்டி ஒன்று இருக்கிறது. சிலரிடம் அம்பாசிடர், சிலரிடம் பிரிமியர் பத்மினி, மளிகைக் கடைக்காரர்கள் பலரிடம் மாருதி ஆம்னி. தவணை எல்லாம் என்றோ முடிந்துவிட்டது. மார்க்கெட்டிலிருந்து சரக்கு ஏற்றி வரவும், வசூலுக்குப் போய் வரவும், வீட்டு விசேஷத்துக்கும் அதுவே போதும் என்று வைத்திருக்கிறோம். இதில் தவறில்லை. ஆனால் என்ஜின் வேலை என்று வந்துவிட்டால்தான் சங்கடம் தொடங்குகிறது.

மெக்கானிக் என்ஜினைப் பிரித்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். கடைப் பையன் அதை எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறான். அங்கே கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எந்த வருஷம்?" நாம் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டி, பதிவான ஆண்டைச் சொல்லி அனுப்புகிறோம். வந்த பிஸ்டன் பொருந்தவில்லை, கேஸ்கெட்டின் துளை ஒத்துவரவில்லை என்று மெக்கானிக் திருப்பி அனுப்புகிறார். பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கிறார். இதற்குள் வண்டி பத்து நாள் பட்டறையில் நின்றுவிடுகிறது. அந்தப் பத்து நாளும் சரக்குக்கு வாடகை வண்டிதான். கடைசியில் கணக்குப் பார்த்தால், உதிரி பாகத்தின் விலையைவிட வாடகைச் செலவு கூடுதலாக நிற்கும்.

இதில் மெக்கானிக்கையோ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரையோ குறை சொல்லிப் பயனில்லை. நாம் சொன்ன ஆண்டு வண்டி பதிவான ஆண்டு. அவருக்குத் தேவையானது என்ஜின் பிறந்த ஆண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்கவே இக்கட்டுரை.

மூன்று தேதிகள்

நம் தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. புளி மூட்டைக்கு நாம் பில் போட்ட தேதி வேறு; புளி உலுக்கிய பருவம் வேறு. அரிசி மூட்டையில் மில்லில் தைத்த தேதி ஒன்று, நெல் அறுவடையான போகம் இன்னொன்று. பில் தேதியை மட்டும் பார்த்துப் பழைய அரிசியா, புது அரிசியா என்று எவரும் முடிவு செய்வதில்லை.

வண்டிக்கும் அப்படியே. முதலாவது, என்ஜின் பிளாக் வார்ப்படச் சாலையில் வார்க்கப்பட்ட தேதி. இரண்டாவது, அந்த பிளாக்கைக் கடைந்து, கிராங்க், பிஸ்டன், வால்வு எல்லாம் பூட்டி, எண் குத்தி, வண்டியில் ஏற்றிய தேதி. மூன்றாவது, வண்டி விற்பனையாகி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான தேதி. வார்த்த பிளாக் சில வாரமோ சில மாதமோ கழித்தே கடைசலுக்கு வரலாம். தயாரான வண்டி ஷோரூமில் மாதக்கணக்கில் நிற்கலாம். டிசம்பரில் தயாரான வண்டி மார்ச்சில் பதிவானால், ஆர்.சி.யில் ஓர் ஆண்டு கூடிவிடும். தொழிற்சாலையில் பாகங்களை மாற்றியமைத்த காலத்தை ஒட்டிய வண்டியாக இருந்தால், இந்த ஓர் ஆண்டு வித்தியாசமே நம்மைத் தவறான பெட்டிக்குக் கொண்டுபோய்விடும்.

அம்பாசிடர் கற்பிக்கும் பாடம்

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அம்பாசிடர் கார் தயாரானது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950-களின் பிற்பகுதியில் வெளிவந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. ஆகவே எல்லா அம்பாசிடரும் ஒன்றே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பானெட்டைத் திறந்தால் கதை வேறு.

முதலில் வந்தது பக்கவாட்டு வால்வு கொண்ட 1476 சி.சி. என்ஜின். அடுத்து 1959 முதல், மேல் வால்வு அமைப்புள்ள 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். இது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. 1980 வாக்கில் அதே குடும்பத்து டீசல் என்ஜின் வந்தது. 1990-களில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் வடிவமைப்பில் 1817 சி.சி. பெட்ரோல் என்ஜினும், பிறகு 1995 சி.சி. டீசல் என்ஜினும் சேர்ந்தன. பழைய 1489 என்ஜின்களும் புதியவற்றோடு சேர்ந்தே சில காலம் வந்துகொண்டிருந்தன. ஆகவே "1995 அம்பாசிடருக்கு பிஸ்டன்" என்று கேட்டால், கடைக்காரர் எந்தப் பெட்டியை எடுப்பார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பி சீரிஸ் பெட்ரோல் என்ஜினும் டீசல் என்ஜினும் ஒரே 1489 சி.சி. இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9 மில்லிமீட்டர். ஆனால் டீசல் என்ஜின் காற்றை மிகுந்த அளவு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைப்பது. அதனால் அதன் பிஸ்டனும் ஹெட்டும் வேறு. சி.சி. அளவை மட்டும் சொல்லி வாங்குவதும் ஆபத்து என்பதற்கு இதுவே சான்று.

இதே பி சீரிஸ் குடும்பத்தில் பிரிட்டனில் நடந்ததையும் சொன்னால் விஷயம் தெளிவாகும். 1962-ல் வெளிவந்த எம்.ஜி.பி. என்ற காருக்கு 1798 சி.சி. என்ஜின். தொடக்கத்தில் அதன் கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று மெயின் பேரிங் தாங்கின. 1964 அக்டோபரில் அதை ஐந்து பேரிங்காக மாற்றினார்கள். சி.சி. மாறவில்லை. ஆனால் கிராங்க் வேறு, பேரிங் செட் வேறு. என்ஜின் எண் '18ஜி' அல்லது '18ஜிஏ' என்று தொடங்கினால் மூன்று பேரிங். '18ஜிபி' என்று தொடங்கினால் ஐந்து. அந்தக் காருக்கு "1964 மாடல்" என்று சொன்னால் போதாது. எண்ணைச் சொன்னால்தான் சரியான செட் கைக்கு வரும்.

ஆர்.சி.யில் பார்க்க வேண்டியவை

ஆர்.சி.யில் பதிவுத் தேதியைத் தவிர, தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும். அதோடு சேசிஸ் எண், என்ஜின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, சி.சி., எரிபொருள் ஆகியவையும் உண்டு. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்வது முதல் வேலை. மிகப் பழைய புத்தகங்களில் கையெழுத்து மங்கியிருந்தால் ஊகித்து எழுதலாகாது. வண்டியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 122-ஆம் விதி, சேசிஸ் எண்ணோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும் தெரியும்படி தயாரிப்பாளர் பொறிக்க வேண்டும் என்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு முந்திய வண்டிகளில் இதை எதிர்பார்க்க முடியாது. பிந்திய வண்டிகளில் சேசிஸ் எண் 17 இலக்கமாக இருக்கும். முதல் மூன்று இடம் தயாரிப்பாளரைக் காட்டும். 'எம்ஏ3' என்றால் மாருதி, 'எம்ஏடி' என்றால் டாடா, 'எம்ஏ1' என்றால் மஹிந்திரா.

ஆண்டைக் காட்ட உலக அளவில் வழங்கும் முறை பத்தாவது இடத்தில் ஒரு குறி வைப்பது. எஸ் என்றால் 1995, டி 1996, வி 1997, டபிள்யூ 1998, எக்ஸ் 1999, ஒய் 2000. பிறகு 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரையுள்ள எண்கள். 2010-க்கு மீண்டும் ஏ. ஆனால் நம் நாட்டில் எல்லா நிறுவனமும் பத்தாவது இடத்தையே இதற்கு வைப்பதில்லை. குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே நாமே படித்து முடிவு கட்டாமல், முழு எண்ணையும் எழுதிக் கொடுத்து அந்த நிறுவனத்தின் டீலரிடமோ, அனுபவமுள்ள கடைக்காரரிடமோ கேட்பதே உத்தமம். இந்த 17 இலக்கத்தில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் வராது. ஓ போல் தெரிந்தால் அது பூஜ்யம். ஐ போல் தெரிந்தால் அது ஒன்று.

ஒன்றை மறந்துவிடலாகாது. சேசிஸ் எண் சொல்வது வண்டியின் வயதை. என்ஜினின் வயதை என்ஜினிடம்தான் கேட்க வேண்டும்.

என்ஜினிடம் கேட்பது எப்படி?

என்ஜின் பிளாக்கில் இரண்டு வகை எண்கள் காணப்படும். புடைத்து நிற்பவை வார்ப்போடு வந்தவை. குழிந்து இருப்பவை பிறகு குத்தியவை. குழிந்திருப்பதுதான் என்ஜின் எண். சில என்ஜின்களில் எண்ணைத் தகட்டில் பொறித்து ரிவெட் அடித்திருப்பார்கள். புடைத்து நிற்பது வார்ப்பு எண். அது என்ஜினின் வகையைச் சொல்லும். பல வார்ப்படச் சாலைகள் வார்த்த தேதியையும் அருகிலேயே எண்ணாகவோ, சிறு வட்டத்தில் புள்ளிகளாகவோ விடுவதுண்டு. இந்தத் தேதி என்ஜின் பூட்டிய தேதிக்குச் சற்று முந்தியதாகவே இருக்கும். வார்ப்புத் தேதி பதிவுத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், என்ஜினோ பிளாக்கோ மாறியிருக்கிறது என்று நிச்சயமாகக் கொள்ளலாம்.

என்ஜின் எண் பெரும்பாலும் பிளாக்கின் பக்கவாட்டில், ஹெட் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழேயோ, கியர் பாக்ஸ் சேரும் இடத்துக்கு அருகிலோ இருக்கும். ஆம்னியில் என்ஜின் முன் ஸீட்டுக்கு அடியில் இருப்பதால் ஸீட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். என்ஜின் ஆறியபின், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். உப்புத்தாளோ கிரைண்டரோ போடவே கூடாது. எண் தேய்ந்தால் பின்னால் பெரும் தொல்லை. சுத்தமானதும் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால், குழிந்த எண்ணில் வெள்ளை தங்கித் தெளிவாகத் தெரியும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கலாம். வண்டி பெயர் மாற்றத்துக்கு சேசிஸ் எண்ணை எடுப்பது இப்படித்தான். இப்போது கைபேசியிலேயே படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிடலாம். பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால் படம் துலக்கமாக வரும்.

எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால்?

பழைய வண்டிகளில் என்ஜின் மாற்றுவது சகஜம். பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசிடருக்கு வேறு கம்பெனியின் டீசல் என்ஜினைப் பூட்டிக்கொண்டவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு "அம்பாசிடர் ஆயில் சீல்" என்று கேட்டு வாங்கினால் பொருந்தாதது வியப்பல்ல. எந்த என்ஜின் ஏறியிருக்கிறதோ, அந்த என்ஜினின் பெயரும் எண்ணும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

உதிரி பாகத்தோடு இது முடிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி இத்தகைய மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதும் வண்டியைப் பார்வையிடுவார்கள். எண் வேறுபட்டால் அங்கே நிற்கும். விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் இதே கேள்வி எழும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் இந்த எண்ணைப் பார்ப்பது கட்டாயம். எண் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடமோ, எழுத்துகள் கோணலாகக் குத்தியிருப்பதோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி வேண்டாம். அது களவு என்ஜினாகவும் இருக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

796 என்று சொன்னால் போதுமா?

ஆம்னி வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். 1984-ல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் பெற்ற இந்த வண்டியின் தயாரிப்பு 2019-ல் நின்றது. அதன் 796 சி.சி. என்ஜினுக்கு மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. 2000-ல் வந்த ஆல்ட்டோவுக்கும் 796 சி.சி., மூன்று சிலிண்டர்தான். ஆனால் பன்னிரண்டு வால்வு. ஹெட்டும் வால்வும் ஒன்றுக்கொன்று உதவாது.

மேலும், 2000 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாடு நாடு முழுவதும் வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் கார்கள் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை ஊசிமுனையால் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறின. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியிருக்கும், எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் மின்சாரப் பம்ப் டாங்கிக்குள் இருக்கும். இந்த மாறுதல் காலத்து வண்டியென்றால் ஆண்டை நம்பாமல் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வகை தெரிந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும்

என்ஜின் எந்த ஆண்டு, எந்த வகை என்று தெரிந்தபின்னும் ஒரு கேள்வி பாக்கி. இதற்குமுன் போர் செய்திருக்கிறார்களா? கிராங்க் கடைந்திருக்கிறார்களா? தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாக்கினால் பெரிய பிஸ்டன் வேண்டும். தேய்ந்த கிராங்கைச் சிறிதாகக் கடைந்தால் தடித்த பேரிங் வேண்டும். பட்டறையில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் அத்தனை பங்கு என்று பொருள். பத்து என்பது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்.

பழைய பிஸ்டனின் தலையிலும், பேரிங்கின் முதுகுப் பக்கத்திலும் இந்த அளவு பெரும்பாலும் குத்தியிருக்கும். ஆகவே பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடுமுன் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதுவே முடிவல்ல. இம்முறை எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்பதை லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து சொன்ன பிறகே பிஸ்டனும் பேரிங்கும் வாங்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைப்பது பெரும்பாலும் நஷ்டத்தில் முடியும்.

எண்ணே படிக்க முடியாத என்ஜினுக்கு இந்த அளவுகளே துணை. சிலிண்டர் விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓட்டத்தாலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால் சி.சி. கிடைக்கும். 7.3025 விட்டமும் 8.89 ஓட்டமும் உள்ள நாலு சிலிண்டருக்குப் போட்டுப் பார்த்தால் 1489 வரும். பத்மினியின் 6.8 விட்டம், 7.5 ஓட்டத்துக்கு 1089. ஆம்னியின் 6.85 விட்டம், 7.2 ஓட்டம், மூன்று சிலிண்டருக்கு 796. போர் செய்த என்ஜினில் சற்றுக் கூடுதலாக வரும்.

கடைக்கு அனுப்ப வேண்டிய சீட்டு

சரக்குக்கு ஆர்டர் எழுதும்போது ரகம், எடை, மார்க்கு எல்லாம் எழுதுகிறோம் அல்லவா? உதிரி பாகத்துக்கும் அப்படியே ஒரு சீட்டு எழுதுவோம்.

1. வண்டியின் பெயர், மாடல், எரிபொருள்.
2. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு. பதிவுத் தேதி அல்ல.
3. சேசிஸ் எண் முழுவதும்.
4. என்ஜினில் கண்ணால் பார்த்து எழுதிய எண். ஆர்.சி.யோடு ஒத்ததா, இல்லையா என்ற குறிப்பு.
5. பிளாக்கிலும் ஹெட்டிலும் புடைத்து நிற்கும் வார்ப்பு எண்.
6. சி.சி., சிலிண்டர், வால்வு எண்ணிக்கை, கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா.
7. பழைய பாகத்தில் எண் இருந்தால் அது. முடிந்தால் பழைய பாகத்தையே கையோடு அனுப்புதல்.
8. பிஸ்டன், பேரிங் என்றால் லேத்தில் அளந்து சொன்ன அளவு.

இந்தச் சீட்டின் நகல் ஒன்றை ஆர்.சி.யோடு வைத்துக்கொண்டால், அடுத்த முறை எண் தேடி என்ஜினைத் துடைக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் என்னென்ன மாற்றினோம், எந்த அளவு போட்டோம் என்று தேதியோடு அதிலேயே குறித்து வைக்கலாம். நாளை வண்டியை விற்றாலும் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

அம்பாசிடரும் பத்மினியும் ஆம்னியும் இன்று தயாராவதில்லை. அவற்றுக்கான பாகங்கள் கடைகளில் பழைய ஸ்டாக்காகவும், சிறு தயாரிப்பாளர்களின் சரக்காகவும் கிடைக்கின்றன. வெளியூரிலிருந்து பார்சலில் வருவிக்க வேண்டிய பாகமாக இருந்தால், தவறாக வந்ததைத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவது எளிதல்ல. கால் மணி நேரம் செலவிட்டு எண்ணைப் பார்த்து எழுதினால், பத்து நாள் வாடகையும் வீண் அலைச்சலும் மிச்சம். மூட்டையைக் குத்திப் பார்த்துச் சரக்கு எடுக்கும் நாம், என்ஜினையும் துடைத்துப் பார்த்தே பாகம் வாங்குவோமாக.